எந்தக் கொட்டகை

காலை எட்டு மணிக்கு மருந்தகத்தின் இரும்புக் கதவு திறப்பதற்குள் வரிசை சுற்றுச்சுவரைத் தாண்டிப் போய்விடும். முந்தைய ஷிப்ட் முடித்தவர்கள் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருப்பார்கள். அடுத்த ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் காலை மாற்றி மாற்றி நின்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் ஒரே தொழிற்சாலை ஆட்கள். கைகழுவும் தொட்டியும் கழிப்பறைக் கோப்பையும் செய்கிற பீங்கான் தொழிற்சாலை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பதினோரு வருஷமாக அவள் எல்லோருக்கும் டோக்கனக்காதான். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அட்டையை வாங்குவாள். எண், பிரிவு, வயது, என்ன தொந்தரவு என்று நான்கு வரி எழுதிக் கிழித்துக் கொடுப்பாள். கார்பன் நகல் அவளிடம் நிற்கும். அன்றன்றைய நகல்களை நூலில் கோத்துக் கட்டி அலமாரியில் அடுக்குவாள். அந்த அலமாரியைத் திறந்து இதுவரை யாரும் எதையும் தேடியதில்லை. தேடினாலும் கிடைத்திருக்காது. கட்டுகள் தேதிவாரியாக இருந்தன. மனிதர்கள் தேதிவாரியாக நோய்வாய்ப்படவில்லை.

வரிசையில் அடிக்கடி வருகிறவர்களில் ஒருவருக்கு ஏணி என்று பட்டப்பெயர். அத்தனை உயரம். ஜன்னலில் பேசுவதற்கு இடுப்பை மடித்துக் குனிவார். போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் குனிந்தவர் இருமல் அடங்காமல் அப்படியே நின்றுவிட்டார். அப்போது வந்திருந்த டாக்டரம்மா புதுசு. இந்த மருந்தகத்துக்கு டாக்டர்கள் வருவார்கள், ஆறு மாதத்தில் மாறிப் போவார்கள். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டரம்மா கேட்டார். நாலு நாளாக என்றார் ஏணி. பொய் இல்லை, இந்தத் தடவை நாலு நாள்தான். பச்சை நிற மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினார்கள்.

டோக்கனக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மதியம் டாக்டரம்மாவிடம் போய், இவர் அடிக்கடி வருகிறவர் என்று சொன்னாள்.

"அடிக்கடின்னா எத்தனை தடவை?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. ஒவ்வொரு சீட்டையும் தன் கையால் எழுதியவள்தான். இருந்தும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் டிப்ளமோவில் பாதிக் கிணறு தாண்டியவள் அவள். மீதியைத் தாண்ட யாரும் விடவில்லை. மருந்தகத்தில் யாரோ தானமாகத் தந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று துணி போர்த்தி மூலையில் கிடந்தது. பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் பாடம் பார்த்தாள். ஃபிரேம்வொர்க் என்றார் பாடம் நடத்தியவர். வீடு கட்டுகிறவன் செங்கல் சுடுவதிலிருந்தா ஆரம்பிக்கிறான், அஸ்திவாரம், சுவர், கதவு எல்லாம் ஏற்கெனவே நிற்கிறது, உன் ஆட்களைக் குடிவைக்க வேண்டியது உன் வேலை என்று அவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஜன்னல் மூடியிருக்கும். சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு அந்த நேரத்தில் உட்கார்ந்தாள். பாடத்தில் சொன்னபடி ஐந்தாறு கட்டளைகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்து, பிரவுசரைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் சின்ன ராக்கெட் ஒன்று புகை விட்டுக்கொண்டு மேலே கிளம்புகிற படம் வந்தது. எல்லாம் சரியாக நடந்திருக்கிறது என்று கீழே எழுதியிருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள். இரண்டு மணிக்கு வெளியே ஜன்னலைத் தட்டினார்கள்.

பழைய சீட்டின் பின்புறத்தில் இரண்டு கட்டம் வரைந்தாள். ஒன்றில் 'ஆள்': அட்டை எண், பெயர், வயது, பிரிவு. இன்னொன்றில் 'வருகை': தேதி, தொந்தரவு, கொடுத்த மருந்து. ஆளிலிருந்து வருகைக்கு ஒரு கோடு. ஓர் ஆளுக்கு எத்தனை வருகை வேண்டுமானாலும் இருக்கலாம், ஒவ்வொரு வருகையும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் சொந்தம். அந்தக் கோட்டைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. பதினோரு வருஷமாக நூலில் கோத்தும் கிடைக்காதது அந்த ஒரு கோட்டில் இருந்தது.

கட்டங்களைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். இரண்டு கட்டளை கொடுத்ததும் அவை டேட்டாபேஸில் அட்டவணைகளாகப் போய் உட்கார்ந்தன. படிவம் ஒன்று, பட்டியல் ஒன்று என இரண்டு பக்கம் செய்தாள். ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டதற்கு மூன்று நாள் மதியம் வீணாய்ப் போயிற்று. நான்காம் நாள் ஏணியின் அட்டை எண்ணை அடித்து, 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினாள். பட்டியலில் ஒரே ஒரு வரி வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். வரி அங்கேயே இருந்தது.

ஊசி போடுகிற அறையிலிருந்து நர்ஸைக் கூப்பிட்டாள். அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி என்று அவள் சொன்ன நம்பரை நர்ஸ் தன் போனில் அடித்ததும், கையளவு திரையில் அதே பக்கம் தமிழில் விரிந்தது. நர்ஸ் போனைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், கடைசியில் இவளைப் பார்த்தார்.

"நீயா எழுதின இதை?"

ஆமாம் என்று தலையாட்டினாள். மறுநாள் நர்ஸ் தன் சாப்பாட்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் அறைக்கே வந்துவிட்டார்.

மூன்று வருஷத்துக் கட்டுகளை எடுத்தார்கள். இருமல், மூச்சு வாங்குதல் என்று எழுதிய சீட்டுகளை மட்டும் பிரித்தார்கள். நர்ஸ் வாசிக்க, அவள் அடித்தாள். சில நகல்களில் கார்பன் மங்கி எண்ணே தெரியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார் நர்ஸ். உன் கையெழுத்தைப் படித்துப் படித்தே என் கண் போய்விடும் என்று திட்டுவார். மூன்றரை மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சீட்டுகள் உள்ளே போயின.

அடுத்த தடவை ஏணி வந்தபோது அவள் அட்டை எண்ணை அடித்து, டாக்டரம்மாவின் மேஜைக்குப் போகச் சொன்னாள். அங்கே டாக்டரம்மாவின் போனில் அவருடைய வருகைகள் தேதி வரிசையாக இறங்கின. முப்பத்தொன்று. டாக்டரம்மா விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஏணி இடுப்பை மடித்து எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவும் நானா?" என்றார். நம்பாதவர்போல மேலிருந்து கீழே ஒருதரம் படித்தார். தன்னைப் பற்றி யாரோ இவ்வளவு அக்கறையாக எழுதி வைத்திருப்பதைக் கண்ட கூச்சம் அவர் முகத்தில் இருந்தது.

அன்று டாக்டரம்மா பச்சை மருந்து எழுதவில்லை. முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்து வரச் சீட்டுக் கொடுத்தார். பிறகு ஜன்னல் அறைக்கே வந்து நின்றார். இப்படிப் பத்துத் தடவைக்கு மேல் வந்தவர்கள் வேறு யார் யார் என்று கேட்டார்.

அப்படி ஒரு பக்கம் அவள் செய்திருக்கவில்லை. இருங்கம்மா என்று சொல்லி அங்கேயே ஒரு வரி எழுதினாள்: ஆட்களை எடு, வருகையை எண்ணு, பத்துக்கு மேல் உள்ளவர்களை மட்டும் வை, பிரிவுவாரியாக அடுக்கு. எழுத இரண்டு நிமிஷம் ஆயிற்று. பதில் வர இரண்டு நொடி ஆகவில்லை.

நாற்பத்தேழு பேர். சூளைப் பிரிவில் இரண்டு பேர். அதன் கீழே தேய்ப்பு. அதன் கீழும் தேய்ப்பு. அவள் உருட்ட உருட்ட அந்த ஒரே சொல் வந்துகொண்டே இருந்தது. தேய்ப்பு, தேய்ப்பு, தேய்ப்பு. நாற்பத்துமூன்று தடவை. கடைசியில் மெருகு ஒன்று, வார்ப்பு ஒன்று.

தேய்ப்புக் கொட்டகையில் காய்ந்த களிமண் தொட்டிகளைச் சூளைக்குப் போகுமுன் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவார்கள். எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு வெள்ளைத் தூசி பறக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக யாரும் பார்த்ததில்லை. எட்டிப் பார்க்க வந்த நர்ஸ் கோயிலில் நிற்பவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டோக்கனக்காவுக்கு மனசில் வேறொன்றும் ஓடியது. அவள் வீட்டுக்காரர் எட்டு வருஷமாக அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறார். பட்டியலில் அவர் இல்லை. இருமல் இல்லாததால் அல்ல, ஒருநாள்கூட மருந்தகப் பக்கம் வராததால். வந்தவர்களை மட்டும்தான் அது அறியும்.

டாக்டரம்மா பட்டியலை அச்செடுத்து, கடிதம் எழுதி, தொழிற்சாலைக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். அன்று தேய்ப்புக் கொட்டகை பராமரிப்புக்காக மூடியிருந்தது. முந்தைய நாள் முழுக்க அதைத் தண்ணீர் விட்டுக் கழுவ வைத்தார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். புது முகமூடி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்களாம். அதற்கடுத்த வாரம் எல்லோருடைய பழைய அட்டையையும் வாங்கிக்கொண்டு புது அட்டை கொடுத்தார்கள். கெட்டி பிளாஸ்டிக், கலர் போட்டோ. பிரிவு என்ற இடத்தில் எல்லோருக்கும் 'பொதுப் பணி' என்று அச்சாகியிருந்தது. மருந்தகத்துக்கு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. பிரிவு விவரத்தை அட்டையில் உள்ளபடி மட்டுமே பதிய வேண்டும். டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அதை அவளிடம் நீட்டினார். மறுநாள் வரிசையை ஒழுங்குபடுத்த என்று தொழிற்சாலை காவலாளி ஒருவர் ஜன்னலருகே வந்து நின்றார்.

அவள் படிவத்தின் பிரிவுப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தாள். வார்ப்பு, தேய்ப்பு, மெருகு, சூளை, பொதுப் பணி.

அந்த வார வெள்ளிக்கிழமை வரிசையில் அவள் வீட்டுக்காரர் நின்றிருந்தார். நாலு மாதமாக அவள் போட்ட நச்சரிப்பு. ஷிப்ட் முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்திருந்தார். மூச்சு வாங்குவதை மறைக்கச் சிரித்தார்.

"டோக்கனக்கா, எனக்கும் ஒரு சீட்டு போடுங்க."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. எண்ணைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கேட்டாள்.

"எந்தக் கொட்டகைங்க?"

அவர் காவலாளியைப் பார்த்தார். வலது கையை ஜன்னல் பலகையில் ஊன்றிக்கொண்டு இடது கையால் அட்டையை அவள் பக்கம் தள்ளினார்.

"அதுலயே போட்டிருக்கும்மா."

அவள் திரையில் பிரிவுப் பட்டியலை இறக்கினாள். கடைசிச் சொல்லைத் தேர்ந்தெடுத்து 'சேமி'யை அழுத்தினாள். திரையில் அன்றைய வரிகள் பொதுப் பணி, பொதுப் பணி என்று இறங்கி நின்றன. அவருடையது பதினேழாவது.

சீட்டை வாங்கிக்கொண்டு அவர் நகர்ந்தார். கை ஊன்றிய இடத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. அடுத்தவர் அதன்மேலேயே கையை ஊன்றி அட்டையை நீட்டினார்.