லேத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது?

கல்லூரி அட்மிஷன் ஆபீசில் என்.ஆர்.ஐ. கோட்டாவுக்கு வரும் போன்களை எடுப்பது என் வேலை. வெளிநாட்டிலிருந்து கூப்பிடும் அப்பாக்கள் கேட்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நுழைவுத் தேர்வு உண்டா, அங்கே படித்த பிளஸ் டூ மார்க் இங்கே செல்லுமா, மாமா ஸ்பான்சராக இருந்தால் போதுமா, ஹாஸ்டலில் ஏ.சி. இருக்கிறதா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அன்று மத்தியானம் கூப்பிட்ட பெண்தான் என்னைத் திணறடித்தாள். அப்பா பேசவில்லை, அவளே பேசினாள். மூன்று கல்லூரிகளில் அவளுக்கு மெக்கானிகல் இடம் தயார். எதையும் நேரில் வந்து பார்க்க வழியில்லை. மாலை ஐந்து மணிக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

"அக்கா, உங்க ஒர்க்‌ஷாப்ல எத்தனை லேத் இருக்கு?"

"பன்னிரண்டும்மா. இரும்பு கடையுற மிஷின் எல்லாமே புது மாடல்."

"அதுக்கு அடியில என்ன கிடக்கு?"

"என்ன கிடக்கும்? தரைதான் கிடக்கும்."

"கோச்சுக்காதீங்கக்கா. போய்ப் பாத்துச் சொல்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் மெக்கானிகலில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி, அதை இன்றைக்கு நிரப்பச் சொல்லி டைரக்டர் காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அதோடு, போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. எட்டு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், ஒர்க்‌ஷாப் வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. இத்தனைக்கும் என் பையன் இங்கேயேதான் மெக்கானிகல், மூன்றாம் வருஷம். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் பொட்டுக் கறை இல்லாமல் திரும்புவான். துவைக்கிறவள் நான், அதில் எனக்குத் தனிப் பெருமை.

ஒர்க்‌ஷாப் உதவியாளர் சாவிக்கொத்தில் சாவியைத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார்.

"இன்ஸ்பெக்ஷன் கமிட்டி யாராச்சும் வர்றாங்களா மேடம்?"

"இல்லண்ணே, சும்மா பாக்கணும்."

உள்ளே பன்னிரண்டு லேத்தும் பிளாஸ்டிக் கவர் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. குனிந்து பார்த்தேன். தரையில் என் முகமே தெரிந்தது. எனக்கு ஒரே குஷி. நான்கு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"பாத்தியாம்மா? சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்!"



"அக்கா, எங்கப்பா இங்க லேத் பட்டறை வெச்சிருக்கார். எத்தனை தடவை பெருக்கினாலும் மிஷினுக்கு அடியில சுருள் சுருளா இரும்பு கிடக்கும். என் செருப்புல ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்துடும். உங்க மிஷின்லாம் ஓடுதாக்கா?"

'லீவு நேரம்மா, அதான் கூட்டி வெச்சிருக்காங்க' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த இடம் நிரம்பியிருக்கும். போனைக் கையால் பொத்திக்கொண்டு உதவியாளரிடம் திரும்பினேன்.

"அண்ணே, இதெல்லாம் கடைசியா எப்ப ஓடிச்சு?"

அவர் கூரையைப் பார்த்தார். "கமிட்டி வந்தப்ப ஒண்ணை ஓட்டிக் காட்டினோம்."

"அப்ப பசங்க?"

"பசங்களுக்கு வீடியோ போட்டுடுவோம் மேடம். கை கிய்யி மாட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

எனக்கு என் பையனின் வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. இங்க மிஷின் ஓடல. மத்த ரெண்டு காலேஜுக்கும் போனைப் போடு. இதே கேள்வியைக் கேளு."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவளே கூப்பிட்டாள். ஒரு கல்லூரியில் 'விளையாடுறியா' என்று திட்டி வைத்துவிட்டார்களாம். இன்னொன்றில் எடுத்தவர் கத்திக் கத்திப் பேசினாராம், பின்னால் அவ்வளவு மிஷின் சத்தம்.

"செருப்பில்லாம உள்ள கால் வெக்க முடியாதாம்க்கா. அங்கேயே ஓகே சொல்லிட்டேன்." அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது.

டைரக்டரிடம் இடம் நிரம்பவில்லை என்று சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என்னைக் கூட்டிப்போகப் பையன் வண்டியோடு நின்றிருந்தான். சட்டை பளிச்சென்று இருந்தது. அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை பஞ்சாக இருந்தது.

"என்னம்மா?"

"லேத்தை எப்படிடா ஸ்டார்ட் பண்ணணும்?"

அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே நின்றான்.

பிடித்த கையை விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். உதவியாளர் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பூட்டாதீங்கண்ணே."

"ஐயையோ, கமிட்டியா மேடம்?"

"ஆமா, நான்தான் கமிட்டி. கவரை எடுங்க. இன்னைக்கு இவன் ஓட்டப் போறான்."