மாதுளைத் தட்டு

மின்சூளை மூடியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அக்ரிப்பினா கணவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள். கலோஜெரோ தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார், அவ்வளவுதான். கொட்டகையில் ஸ்கூட்டரை நகர்த்தினார், திரும்ப அதே இடத்தில் நிறுத்தினார், சூளையில் ஒளிரும் வெப்ப எண்ணைக் குனிந்து பார்த்தார்.

"இன்னும் முந்நூறுக்கு மேலதான்டி நிக்குது. உன் சூளை முனிசிபாலிட்டியில வேலை பாக்குதா?"

"நூறுக்குக் கீழ வரணும், இல்லேன்னா தட்டு விரிஞ்சிடும். அதுவரைக்கும் போய் கத்திரிக்காய நறுக்குங்க."

உள்ளே இருப்பது அக்ரிப்பினா வரைந்த ஒரு தட்டு. நடுவில் மாதுளை, விளிம்பில் நீல எழுத்தில் 'கலோஜெரோ'. தலைப்பேரனுக்குத் தகப்பன் வழித் தாத்தாவின் பெயர். இந்தத் தெற்கத்தி ஊரான கால்தாஜிரோனேயில் இதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஆனால் மகன் எலியோவுக்கு வேலை வடக்கே தொரினோ நகரத்தில், மனைவி இலாரியாவும் அந்த ஊர்ப் பெண். அவளுக்கு இது ஆறாம் மாதம், பையன்தான் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றோம்பா. பேரு முடிவு பண்ணிட்டோம், நேர்ல சொல்றோம்" என்று போனில் சொல்லியிருந்தான் எலியோ.

நல்ல சேதியை யார் நேரில் வந்து சொல்ல விமானம் ஏறுகிறார்கள்? கலோஜெரோ துணிக்கடைக்காரர். துணியைக் கிழித்துக் கையில் கொடுத்தபிறகு வேண்டாம் என்கிற ஆள் அபூர்வம் என்று தெரிந்தவர். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் தட்டு மேஜைக்கு வந்துவிட வேண்டும்.

வெள்ளை மெருகில் முக்கிக் காயவைத்த தட்டில் தூரிகை பட்டால் பட்டதுதான், துடைக்க முடியாது. "எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க" என்று அக்ரிப்பினா எச்சரித்தபோது, "அதுக்குத்தானே எழுதச் சொல்றேன்" என்றார்.

பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். சூளை இருநூற்றைம்பதில் நின்றது.

"மாமா, அந்தப் பேரு விஷயம்..." என்று தொடங்கினாள் இலாரியா.

"ஆலிவ் எடுத்துக்கம்மா, நம்ம மரத்து ஆலிவ்."

"அப்பா, நாங்க என்ன நினைச்சோம்னா..."

"தொரினோவுல மழையாடா? வாயில பாஸ்தாவ வெச்சுக்கிட்டுப் பேசாத, புரை ஏறும்."

"அவன் வாயில ஒண்ணுமே இல்லையே" என்றாள் அக்ரிப்பினா. "உங்களுக்குத்தான் காலையிலேருந்து நாற்காலியில முள்ளு."

ஒயின் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்தார். போகிற போக்கில் அடுப்படியிலிருந்து ஒரு மரக்கரண்டியும் எடுத்துக்கொண்டார். கொட்டகைக்குப் போய் சூளை மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கரண்டியை முட்டுக் கொடுத்ததும் எண் மடமடவென்று இறங்கியது. இதற்குப் போய் காலையிலிருந்து காவல் காத்தோமே என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஒயினை ஊற்றும்போது கொட்டகையில் 'டிங்' என்றது.

சின்னச் சத்தம்தான். அக்ரிப்பினா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, ஒயின் எங்க இருந்து எடுத்தீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மரக்கரண்டியைப் பிடுங்கிக் கணவரின் கையில் கொடுத்தாள். தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, "இனிமே எதுக்குக் காத்திருக்கணும்?" என்று மூடியைத் திறந்தாள். தட்டு இரண்டாக வெளியே வந்தது. நீலம் அப்படியொரு நீலம். விரிசல் பெயரின் நடுவே போயிருந்தது.

இலாரியா பெயரைப் படித்தாள். மாமனாரைப் பார்த்தாள். கரண்டியோடு நின்ற அந்தப் பெரிய மனிதரைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும்.

"நாங்க சொல்ல வந்தது..." என்று எலியோ இழுக்க, இலாரியா அவனை முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "பரவாயில்ல மாமா. கலோஜெரோன்னே வெச்சுடலாம்."

பேரம் படிந்துவிட்டது. ஒரு காசு குறைக்காமல், கேட்ட விலைக்கே. ஆனால் பரிதாபப்பட்டு வாங்கிய துணியை மறுநாளே திருப்பிக் கொண்டுவருகிற முகத்தை அவர் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இந்த முகம் திருப்பிக் கொண்டுவராது. காலமெல்லாம் வைத்திருந்து, பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் கொஞ்சம் சுணங்கும்.

"வேணாம்மா" என்றார். "கீறல் விழுந்த சரக்கை ஊராருக்கே நான் வித்ததில்ல. சொந்தப் பேரன் தலையிலயா கட்டுவேன்? நீங்க என்ன பேரு வெச்சீங்க?"

"துல்லியோ."

"துல்லியோ." வாயில் போட்டுப் புரட்டிப் பார்த்தார். "துல்லியோ... கொஞ்சம் வழுக்குது."

"பழகிடும்ப்பா" என்றான் எலியோ.

அக்ரிப்பினா அலமாரியிலிருந்து, மெருகு காய்ந்து தயாராக இருந்த இன்னொரு வெள்ளைத் தட்டை இறக்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, தூரிகையை நீலத்தில் தோய்த்தாள். கலோஜெரோ அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார், இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார்.

"எப்ப திறக்கலாம்?" என்றார்.

அவள் இன்னும் முதல் எழுத்தே போடவில்லை.