பிரான்ஸ் மாமா கட்டிய வீடு

தக்சாயினிக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து இருந்தது. பிறந்தநாளுக்கு வாளால் கேக் வெட்டுகிற பெடியளைப் பற்றி, அந்தப் பெடியளுக்கு வாளை அறிமுகம் செய்துவைத்த சினிமாக் கதாநாயகர்களைப் பற்றி, கதாநாயகனின் கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்களைப் பற்றி, சாமி வெளிவீதி வரும்போது கும்பிடாமல் போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களைப் பற்றி, எல்லாவற்றையும் பேஸ்புக்கில் எழுதினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதினாள். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுக் கம்பஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு வேறு என்ன வேலை? பண்டத்தரிப்பில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருந்த வீட்டில், கட்டிலில் சாய்ந்திருந்து அவள் எழுதுவதை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்த மாமாமார் வாசித்துவிட்டு, ‘எங்கடை இனத்துக்கு இப்பிடிப் பிள்ளையள்தான் வேணும்’ என்று கீழே எழுதிவிட்டுப் போனார்கள். அதை அவள் தாய்க்கு வாசித்துக் காட்டுவாள். தாய் வெங்காயம் உரித்துக்கொண்டே "ஓம், ஓம்" என்பாள்.

அவள் எழுதியதில் நடிப்பு இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். அநியாயத்தைக் கண்டால் அவளுக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. பத்தொன்பது வயதில் எரியாவிட்டால் பிறகு எப்போது எரிவது? ஆனால் எரிகிற வயிற்றோடு எழுதுகிறவர்கள் சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவதில்லை. வினை அங்கேதான் வந்தது.

கோபிகா அவளுடைய சிநேகிதி. நேர்சரியிலிருந்து ஒன்றாகப் படித்தவள், வீடு பின் ஒழுங்கையில். கோபிகாவின் தகப்பன் சிவகரன் கடைசி யுத்தத்தில் முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்தவர். தக்சாயினி அவரைக் கட்டிலில் தவிர வேறெங்கும் கண்டதில்லை. கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர். "பிள்ளை, உந்த பேஸ்புக்கிலை எங்கடை பௌலர்மாருக்கும் ஒரு பேச்சுக் குடு" என்று அவளைச் சீண்டுவார். தாய் பத்மாசினி மற்றவர்களுடைய தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்வந்தாள். கூலிக்குப் போனாலும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போகிற மனுசி.

அவர்கள் இருந்தது தகரக் கொட்டிலில். மாரியில் ஒழுகும். ஈரம் பட்டால் சிவகரனின் படுக்கைப் புண்கள் சீழ் பிடிக்கும், பிறகு தெல்லிப்பழை ஆசுபத்திரியில் வாரக்கணக்கில் கிடப்பார். அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஆடி மாதம் ஒரு கல்வீடு எழும்பத் தொடங்கியது. "தம்பி பிரான்சிலை இருந்து கட்டித் தாறான்" என்று பத்மாசினி அயலுக்குச் சொன்னாள். கோபிகாவும் தக்சாயினிக்கு அதையே சொன்னாள். பிரான்சில் தம்பி இருந்தால் பண்டத்தரிப்பில் வீடு எழும்பும், இதற்கெல்லாம் இங்கே ஒருவரும் சாட்சி கேட்பதில்லை.

புரட்டாசியில் ஒருநாள் பின்னேரம் யாரோ பகிர்ந்த வீடியோ ஒன்று தக்சாயினியின் போனில் வந்தது. எமில்ராஜ் என்கிற யூரியூப்காரருடையது. ஏழைகளின் வீடுகளுக்குப் போய், அவர்கள் அழுவதை எடுத்துப் போட்டு, வெளிநாட்டுக்காரரிடம் உதவி வாங்கிக் கொடுக்கிற ஆள். அவருடைய வீடியோக்களைப் பார்ப்பதில்லை என்பதைத் தக்சாயினி ஒரு கொள்கையாகவே வைத்திருந்தாள். இதைப் பார்த்ததற்குக் காரணம், முகப்பில் இருந்தது பத்மாசினியின் முகம். பத்மாசினி அழுதுகொண்டிருந்தாள். பின்னால் வயலின் இழுத்தது. முன்பு எடுத்திருந்த துண்டு ஒன்றில் எமில்ராஜ் குனிந்து, சிவகரனின் மேல் கிடந்த சீலையை விலக்கி, புண்ணாய்க் கிடந்த முதுகைக் கமராவுக்குக் காட்டினார். பிறகு, இப்போது எழும்பி நிற்கிற சுவர்களைக் காட்டி, கனடாவில் இருக்கும் உறவு ஒருவரின் உதவியில் இந்த வீடு உயர்கிறது, கூரையும் அவரே போட்டுத் தருவார் என்றார். காசு தருகிற எவரும் எமில்ராஜுக்கு உறவுதான்.

 தக்சாயினி எழுந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுதினாள். ‘ஒரு மனிதனின் முதுகைத் திறந்து காட்டுவதற்குப் பெயர் உதவியா? இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும். மானத்தோடு வாழ்கிறவர்கள், யாரிடமும் கை நீட்டாதவர்கள். இந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது பிரான்சில் இருக்கிற தாயின் தம்பி. அப்படியிருக்க, கனடா உறவு கட்டுகிறார் என்று இவர் யாருக்குக் காது குத்துகிறார்?’

அவள் எழுதியவற்றுள் அதுதான் அதிகம் பரவியது. முதல்நாள் முழுக்கப் பாராட்டு. அடுத்தநாள் காற்று திசை மாறியது. வீட்டைத் தம்பி கட்டினால் கனடாக்காரர் கொடுத்தது எங்கே போனது என்று ஒருவர் கேட்டார். ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கத்தால் வாங்கியிருக்கிறார்கள் என்று இன்னொருவர் தீர்ப்பே எழுதினார். யாரோ பிரான்ஸ் தம்பியின் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். புதுக் கார் ஒன்றில் சாய்ந்துகொண்டு நின்றான். ‘தம்பி காரிலை, தமக்கை கண்ணீரிலை, நல்ல நாடகம்’ என்ற வரிக்கு நூற்றுக்கணக்கில் சிரிப்புப் படங்கள் விழுந்தன. கனடாக்காரர் காசை நிறுத்த, அந்த வாரமே மேசன் வந்து சுவரோடு கட்டியிருந்த சாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். கூரையில்லாத சுவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

கோபிகா வந்தாள். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. வாசற்படியில் இருந்தாள்.

"மாமா எங்களோடை கதைக்கிறதே இல்லை, தக்சா. அப்பாவுக்கு உப்பிடி ஆனாப்பிறகு போனே எடுக்கிறேல்லை."

"அப்ப ஏன் எனக்கு அப்பிடிச் சொன்னனீ?"

"அம்மா ஊருக்குச் சொன்னதை நான் மாத்திச் சொல்லேலுமே? ஆரோ முன்பின் தெரியாத ஆள் இரங்கிக் கட்டித் தாறார் எண்டு சொல்ல அம்மாவுக்கு வாய் வரேல்லை."

"நான் எழுதினதை அழிச்சுப்போட்டன். இப்பவே உண்மையை எழுதுறன்."

"என்னெண்டு எழுதுவாய்? அம்மா பொய்க்காரி எண்டோ?"

 கோபிகா போனபிறகு தக்சாயினி குசினிக்குள் போய்த் தாயிடம் சொன்னாள். தாய் அடுப்பைப் பார்த்தபடியே கதைத்தாள்.

"அந்த வீடியோ ஆவணியிலேயே வந்தது. நான் பாத்தனான். இந்த ஒழுங்கையிலை எல்லாரும் பாத்தவை."

"தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தனீங்கள்?"

"அவ தம்பி எண்டு சொன்னா, நாங்களும் தம்பி எண்டு இருக்கிறதுதானே. அவவின்ரை முகத்துக்கு நேரை அது பொய் எண்டு சொல்லுறதே?"

அயல் முழுக்கச் சேர்ந்து காப்பாற்றி வைத்திருந்த ஒரு பொய்யை, மானம் மானம் என்று எழுதிய தானே போட்டு உடைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.  மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது, ஐப்பசி பிறந்துவிட்டது.

முதல் மழை பெய்த மறுநாள் காலை எமில்ராஜ் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டுப் படலையடியில் நின்றார். தக்சாயினி நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை. கொலர் பிய்ந்த சேர்ட், நித்திரை காணாத கண்கள்.

"தங்கச்சி, என்னைப் பேசினது பரவாயில்லை" என்றார். "சிவகரன் அண்ணை நேற்று முழுக்கக் கட்டிலோடை நனைஞ்சு கிடந்தவர்."

"சீலையை விலத்தினது சரியே?" அவளால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சரியில்லைத்தான். முதல் விலத்தாமல்தான் எடுத்துப் போட்டனான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. விலத்தினாப் பிறகுதான் கனடாக்காரர் கதைச்சவர்." ஹெல்மெற்றைக் கையில் உருட்டினார். "அவர் இப்ப என்னை நம்பிறேல்லை. எழுதின பிள்ளையே நேரை போய், அந்த அம்மாவின்ரை வாயாலை உண்மையைச் சொல்லவைச்சு, தன்ரை பக்கத்திலை போடட்டாம். சனம் நம்பினால் தான் கூரையைப் போட்டுத் தருவாராம். சனம் தன்னை ஏமாளி எண்டு சிரிச்சதுதான் கனடாக்காரருக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

எழுதியவளே எடுக்கவேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள். தாயின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்றுகூட யோசித்தாள். ஒரு சங்கிலிக்குக் கூரை வராது. பின்னேரம் மறுபடி மழை தூறியபோது, போனை எடுத்துக்கொண்டு பின் ஒழுங்கைக்கு நடந்தாள்.

கொட்டிலுக்குள் ஒழுக்குக்குத் தறப்பாள் கட்டியிருந்தார்கள். அது தாழ்ந்து வயிறு வைத்து ஒரு மூலையால் சொட்டியது. கட்டிலை மற்ற மூலைக்கு இழுத்திருந்தார்கள். சிவகரன் அவளைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார்.

"அங்கிள், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கடை முதுகை அப்பிடிக் காட்டினது எனக்குத் தாங்கேல்லை."

"அது நான் காணாத முதுகு பிள்ளை. எனக்கு அதிலை நோவும் தெரியாது, வெக்கமும் தெரியாது" என்றார். பிறகு பத்மாசினியைக் காட்டினார். "உவவுக்குத்தான் பாவம், எல்லாம் தெரியுது."

பத்மாசினி முகம் கழுவி, தோய்த்த சீலை உடுத்து, பிளாஸ்ரிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். கோபிகா கட்டில் தலைமாட்டில் நின்றாள். தக்சாயினி போனைப் பிடித்தாள்.

"வணக்கம். என்ரை பேர் பத்மாசினி. இந்த வீட்டைக் கட்டித் தந்தது கனடாவிலை இருக்கிற ஐயா. என்ரை தம்பி எங்களுக்கு ஒண்டும் தாறேல்லை. தம்பி கட்டுறான் எண்டு அயலுக்கு நான் பொய் சொன்னனான். அந்த ஐயா என்னை மன்னிக்க வேணும்."

அவ்வளவுதான். குரல் தளரவில்லை, கண் கலங்கவில்லை. தக்சாயினி அதை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தாள். சுத்தமான வீடியோ. மனிதர் மனிதரிடம் எப்படிக் கதைக்கவேண்டும் என்று அவள் இவ்வளவு காலமும் எழுதினாளோ, அப்படியே இருந்தது. இதை ஒருவரும் கடைசிவரை பார்க்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. எந்த வரிக்குச் சனம் நிற்கும், எந்த வரியோடு தாண்டிப் போகும் என்பதை அவளைவிட யாருக்குத் தெரியும்? இது பாடமாக்கி ஒப்புவிக்கிறா என்பார்கள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பொய் சொல்கிறா என்பார்கள்.

"அன்ரி, இன்னொருக்கா எடுப்பம்."

"என்ன பிள்ளை, பிழையே?"

"பிழை இல்லை. தம்பியைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லுங்கோ. நீங்கள்தானே அவரை வளர்த்தது."

பத்மாசினி மகளைப் பார்த்தாள். கோபிகா நிலத்தைப் பார்த்தாள். சிநேகிதியிடம் எப்போதோ மனம்விட்டுச் சொன்ன கதை அது.

"அதெல்லாம் என்னத்துக்கு பிள்ளை?"

"அப்பதான் நம்புவினம் அன்ரி. தாலிக்கொடியை வித்து அவரை அனுப்பினனீங்கள், அதையும் சொல்லுங்கோ. பேரைச் சொல்லிச் சொல்லுங்கோ."

பத்மாசினி தொடங்கினாள். "அம்மா செத்தாப்போலை அவனுக்கு நாலு வயசு. நான்தான் இடுப்பிலை வைச்சுக்கொண்டு…" அவ்வளவில் தம்பியின் பேர் வந்தது. அதோடு அவளால் முடியவில்லை. வாய் கோணி, தோள் குலுங்கி, சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். வயலின் எதுவும் தேவையில்லாத அழுகை. சிவகரன் முகத்தைத் தகரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபிகா மழைக்குள் இறங்கிப் போனாள். எழுந்துபோய் மனுசியைக் கட்டிப்பிடிக்கவேண்டும் என்று தக்சாயினிக்கு இருந்தது. ஆனால் அவள் போனை இறக்கவில்லை. ஓர் எட்டு முன்னுக்கு வைத்து, முகம் பெரிதாகத் தெரியும்படி பிடித்தாள்.

வீடியோ எல்லா இடமும் போனது. சிரித்தவர்களே அழுதார்கள். பிரான்ஸ் தம்பியைத் திட்டித் தீர்த்தார்கள். உண்மையை எடுத்துவந்த தங்கச்சிக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவள் ஒன்றையும் தாய்க்கு வாசித்துக் காட்டவில்லை. கனடாக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மேசன் மறுபடி சாரம் கட்டினார், கார்த்திகைப் பெருமழைக்கு முன் கூரை ஏறியது. சிவகரன் அந்த மாரி நனையவில்லை. தக்சாயினி பேஸ்புக்கில் எழுதுவதை விட்டுவிட்டாள். பின் ஒழுங்கைக்குப் போக இரண்டுமுறை வெளிக்கிட்டு, இரண்டுமுறையும் பாதியில் திரும்பினாள்.

தை பிறந்து, புதுவீட்டுக்குக் குடிபூர நாள் வைத்தார்கள். பத்மாசினி ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். தக்சாயினியின் தாய்க்கும் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். தக்சாயினி உள்ளே நின்று கேட்டாள். தன் பேர் வரவில்லை.

அடுத்தநாள் கோபிகா சைக்கிளில் வந்தாள். படலையைத் திறக்காமல் வெளியே காலை ஊன்றி நின்றாள். தக்சாயினி ஓடிப்போனாள். மாதக்கணக்கில் கேட்காத அந்தக் குரலுக்காகவே ஓடினாள்.

"ஞாயிற்றுக்கிழமை குடிபூரல்" என்றாள் கோபிகா. "நீ வேளைக்கே வரோணும்."

"வாறன். கட்டாயம் வாறன். கோபி, நான் உன்னோடை…"

"கனடாக்காரர் வீடியோ கேட்டவராம். நீ எடுத்தால்தான் நல்லா இருக்குமாம். போனை நல்லாச் சார்ச் போட்டுக்கொண்டு வா." கோபிகா சைக்கிளைத் திருப்பினாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "அம்மா எவடத்திலை நிண்டு அழோணும் எண்டும் வந்து சொல்லு. அவ ரெடியா இருப்பா."