மேரிக்காவின் இடது பக்கம்

கம்ப்யூட்டரில் சந்தேகம் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அதை மறைக்கவும் எனக்குத் தெரியாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்த இரண்டு வருடத்துக்குள், இந்த ரெனிட்டாவிடம் போய்க் கேட்பதைவிட மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று தையல் பிரிவு வரைக்கும் பேச்சு பரவியிருந்தது. அதனால் யாரும் என்னைத் தேடி வருவதில்லை. இன்டர்காமில் கூப்பிடுவார்கள். நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நெட்வொர்க் வழியாக அவர்கள் மெஷினுக்குள் போய்ச் சரிசெய்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

2006இல் கம்பெனி மெஷின்கள் எல்லாவற்றையும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியது நான்தான். அதனால் எங்கே என்ன தகராறு என்றாலும் பழி என் தலையில் வந்து விழும்.

பேட்டர்ன் ரூமில் ஆரோக்கியமேரி என்று ஒருவர் இருந்தார். எங்களுக்கு மேரிக்கா. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் படத்தையும், அதைப் பார்த்து நம் ஆட்கள் வரைந்த பேட்டர்னையும் ஒப்பிட்டு அவர் சரி என்று சொன்னால்தான் தோலில் கத்தி விழும். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே வேலை. முன்பெல்லாம் இரண்டையும் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு, இருந்த ஒரே சின்னத் திரையில் ஒன்றைத் திறந்து பார்த்து மூடி, அதை மனசில் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் திறக்க வேண்டியதாயிற்று. அப்படித்தான் ஜனவரியில் ஒரு மாடலில் கயிறு கோக்கும் ஓட்டை ஆறுக்குப் பதில் ஏழாக இருந்ததை விட்டுவிட்டார். மொத்த லாட்டும் திரும்பி வந்தது.

மேனேஜர் மக்பூல் அகமது சார் கத்துகிற ஆளில்லை. மெதுவாகத்தான் சொன்னாராம். அடுத்த மாதம் பையரின் ஏஜென்ட் வருகிறார், புது பூட் மாடலை அவர் முன்னாலேயே செக் பண்ண வேண்டும், அதிலும் ஏதாவது விட்டுப்போனால் பேக்கிங்குக்குப் போய்விட வேண்டும். பேக்கிங்கில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. மேரிக்காவின் வலது முட்டி ஒரு மணி நேரம் தாண்டினாலே வீங்கிவிடும். ஆகவே பேக்கிங் என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் மேரிக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு பொட்டி பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒண்ணுல படம், ஒண்ணுல நம்ம பேட்டர்ன் தெரியிற மாதிரி பண்ண முடியுமாம்மா?"

முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து, பார்க்கிறேன் அக்கா என்றேன்.

ஸ்டோர் ரூமில் தூசி தின்றுகொண்டிருந்த ஒரு பழைய மானிட்டரும் வீடியோ கார்டும் கிடைத்தன. பிறகு ஆரம்பித்தது பேஜார். முதல் நாள் இரண்டு திரையும் கறுப்பு. மறுநாள் ஒன்று மட்டும் வந்தது. நெட்டில் தேடித் தேடி, திரைகளுக்கான செட்டிங் கோப்பில் ஒவ்வொரு வரியாக மாற்றினேன். நாலாம் நாள் இரண்டிலும் படம் வந்தது, ஆனால் ஒரே படம். எட்டிப் பார்த்த மக்பூல் சார், இதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிப் பக்கத்தில் வைத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு, ஒரு திரையின் ஓரத்தைத் தாண்டிய அம்புக்குறி அடுத்த திரையில் போய் நின்றது. இரண்டு பெட்டியும் சேர்ந்து ஒரே நீளமான மேஜையானது போல இருந்தது.

மறுநாள் தச்சர் அகலமான புது மேஜை கொண்டுவந்து போட்டார். மானிட்டர்களை இடம் மாற்றி வைத்தார்கள். எந்தத் திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கோப்பில் ஒரு வரி உண்டு. அதைத் திருத்துவதற்காக இன்டர்காமில் மேரிக்காவைக் கூப்பிட்டு, இரண்டாவது மானிட்டர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது என்றார். இடது என்று எழுதினேன். அம்பு அந்தப் பக்கம் போகிறதா என்று கேட்டேன்.

"போகுதும்மா. கொஞ்சம் சுத்திக்கினு போகுது."

"போகுதில்ல, அப்புறம் இன்னா?" என்று போனை வைத்துவிட்டேன்.

ஏஜென்ட் வருவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, வேறொரு வேலையாகப் பேட்டர்ன் ரூமுக்குப் போனேன். மேரிக்கா மவுஸை இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். அம்புக்குறி இடது திரையின் இடது ஓரத்தில் மறைந்து, வலது திரையின் வலது கோடியில் முளைத்தது. அடுத்த நொடி வலது பக்கம் தள்ளினார். அது வலது கோடியில் மறைந்து இடது கோடியில் வந்தது. ஒரு வாரமாக இப்படி ஊரைச் சுற்றித்தான் வேலை பார்த்திருக்கிறார். இரண்டாவது மானிட்டர் அவருடைய வலது கைப் பக்கம் இருந்தது. அதன் நெற்றியில் இடது ஷூவில் ஒட்டுகிற 'L' ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தார்.

"அக்கா, இது வலது. இடதுன்னு எதுக்கு சொன்னீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். செக்கிங் மேஜையில் ஷூ ஜோடியை எப்போதும் அதன் மூக்கு நம்மைப் பார்த்திருக்கும்படிதான் வைப்பார்கள். அப்போது நம் வலது கைப் பக்கம் இருப்பது இடது ஷூ. இடம் வலமெல்லாம் போட்டுக்கொள்கிறவர் கணக்கு, பார்க்கிறவர் கணக்கு இல்லை. இந்தப் பெட்டிகளும் நம்மைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கின்றன என்றார். இரண்டு வருடம் ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்கியும் எனக்கு இது தெரியாது. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ போட்டது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், கேட்டால் கோபித்துக்கொள்வாய் என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை மாற்றினேன்.

அதுவும் அவசரப் புத்திதான். ஒரு வாரம் பழகிய கை ஒரு ராத்திரியில் மாறிவிடுமா?

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. மேரிக்கா பின்னால் மக்பூல் சாரும் சென்னையிலிருந்து வந்த ஏஜென்ட்டும் நின்றார்கள். நான் கதவோரம். பேட்டர்ன் வரையும் ஜோனதன் முந்தின நாள்தான் முடித்துக் கொடுத்த பேட்டர்ன் வலது திரையில் இருந்தது. இடது திரையில் பையர் அனுப்பிய படம், வாரும் பக்கிளும் வைத்த இடது கால் பூட், முன்பக்கத் தோற்றம். மேரிக்கா அடுத்த திரைக்குப் போக மவுஸை இடது பக்கம் தள்ளினார். அம்பு இடது திரையின் ஓரத்தில், சுவரில் முட்டியது போல நின்றது. மறுபடி தள்ளினார். ஏஜென்ட் வாட்சைப் பார்த்தார். நான் போட்ட வரியால் அவர் நாற்காலி போகப்போகிறது என்று பட்டது.

மேரிக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இடது திரையைப் பார்த்தார், வலது திரையைப் பார்த்தார், திரும்ப இடது.

"பக்கிள் தப்பு சார். அவங்க வெளிப்பக்கம் கேக்கறாங்க. நம்மாளு உள்பக்கம் வெச்சிட்டாரு."

ஏஜென்ட் குனிந்து பார்த்தார். படத்தில் பக்கிள் வலது பக்கம் இருக்கிறது, இடது காலுக்கு வலது பக்கம் என்றால் உள்பக்கம்தானே, பேட்டர்ன் சரி என்றார். மக்பூல் சாரும் தலையாட்டினார்.

மேரிக்கா என்னைக் கூப்பிட்டு எதிரே நிற்கச் சொன்னார். என் இடது காலைக் காட்டினார்.

"படத்துல பூட்டு நம்மள பாத்து நிக்குது சார், இந்தப் பொண்ணு நிக்கிற மாதிரி. இவ இடது காலுக்கு வெளிப்பக்கம், நமக்கு வலது பக்கமாத்தான் தெரியும். உள்பக்கம் வெச்சா நடக்கசொல்ல ரெண்டு பக்கிளும் ஒண்ணோட ஒண்ணு உரசும்."

மூன்று பேரும் என் காலையே பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். நான் ஏமாந்த அதே இடத்தில்தான் ஜோனதனும் ஏமாந்திருந்தார். ஏஜென்ட் மெல்ல நிமிர்ந்து, ஆமாம் என்றார். மக்பூல் சார், திங்கட்கிழமை இன்னொரு மாடல் வருகிறது, அதையும் மேரியம்மாவே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு ஏஜென்ட்டை டீக்கு அழைத்துப் போனார். பேக்கிங் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை.

அவர்கள் போனதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழையபடியே சுற்றிப் போகிற மாதிரி வைத்துவிடட்டுமா அக்கா என்று கேட்டேன். வேண்டாம், இதுதான் சுலபம், இரண்டு நாளில் கை பழகிவிடும் என்றார். 'L' ஸ்டிக்கரை மட்டும் எடுக்க விடவில்லை.

"அடுத்த வாட்டி போன்ல கேக்காதம்மா. வந்து பாரு."

சரி அக்கா என்றேன். திரும்பும்போது எண்ணிக்கொண்டே நடந்தேன். அவர் மேஜையிலிருந்து என் மேஜைக்கு எழுபத்திரண்டு காலடிதான்.