பேர் சொல்லாத பேச்சு

"புத்தகத்துல எங்கம்மா பேரைப் போடுங்க, டாக்டர். ஏழாம் நம்பர்னு வேண்டாம்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று செயலாளர் இல்டா அம்மாள் இரண்டு முறை சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன்.

துறைத் தலைவர் டாக்டர் உர்கிதி கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரு, நியேவெஸ்."

நின்றேன்.

"தொழிலாளர் ஆய்வுத் துறைன்னு போர்டு மாட்டி மூணு வருஷம்தான் ஆகுது. பொருளாதாரத் துறைக்காரன் நம்மள யூனியன் கிளப்புன்னு கிண்டல் பண்றான். துறைய வெச்சுக்கலாமான்னு பாக்க வெள்ளிக்கிழமை கமிட்டி வருது. பேட்டி குடுத்தவங்க பேரை மறைக்கணும்கிறது விதி. அவங்க பாதுகாப்புக்குத்தான்."

"சுரங்கத்தையே மூடிட்டாங்க. இனி யாரு யாரை வேலைய விட்டுத் தூக்கப் போறா?"

எங்கள் ஊரான ஒருரோவில், சுரங்கத்தின் கழிவுமேடுகளில் கல் உடைத்து வெள்ளீயம் பொறுக்கும் பதினொரு பெண்களின் குரலை நான்தான் பதிவு செய்தேன். ஓராண்டு, சன்னல் இல்லாத அறையில், காதில் ஹெட்போனோடு எழுதியெடுத்தேன். மதியம் மற்றவர்கள் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள். பனியில் காயவைத்த என் உருளைக்கிழங்கு நாறுகிறதாம். யாரும் கூப்பிட்டதில்லை. அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டே தின்பேன்.

"நான் எயுசேபியா கொல்கே, மூணாம் மேட்டுக்காரி." இது அம்மா. எல்லா ஒலிநாடாவும் இப்படித்தான், பேசுகிறவள் பேரோடு தொடங்கும். யூனியன் கூட்டத்தில் பேரும் இடமும் சொல்லாமல் எவரும் வாய் திறப்பதில்லை. சொல்லாமல் பேசுகிறவன் கம்பெனியின் ஆள்.

போன ஞாயிறு அச்சுப்படியை மேட்டில் வாசித்துக் காட்டினேன். 'ஏழாம் நம்பர் சொல்கிறார்' என்றதும் அம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"பேரில்லாம நானாடி பேசினேன்? ஊரு என்னைக் கம்பெனி உளவாளின்னு நெனைக்கவா படிச்சே?"

அதன்பின் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. அங்கேயும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஒரு தாளோடு மேட்டுக்குத் திரும்பப் போனேன்.

"முன்னுரையில உங்கம்மாவுக்கு நன்றி சொல்லிடறேன்," என்றார் டாக்டர். "அட்டையில என் பேருக்குக் கீழ உன் பேர் வருது. உங்க மேட்டுலேர்ந்து வேற யாருக்குக் கெடச்சிருக்கு?"

"யாருக்கும் இல்ல. அதனாலதான் கேக்குறேன்."

தாளை அவர்முன் வைத்தேன். கொடுத்த பேட்டியைத் திரும்பப் பெறலாம் என்று சம்மதப் படிவத்திலேயே இருக்கிறது. தட்டச்சு செய்தவள் நான். பேர் போடாத புத்தகத்துக்கு எங்கள் பேச்சு இல்லை என்ற வரிக்குக் கீழே பதினொரு முழுப் பெயர்கள், பதினொரு கைநாட்டு.

நெடுநேரம் படித்தார். "இது போச்சுன்னா துறையே நிக்காது. உன் வேலையும்தான்."

"தெரியும். மேசையைக் காலையிலேயே காலி பண்ணிட்டேன்."

"அவசரப்படாதே. நாளைக்கு வா, பேசலாம்."

அறைச் சாவியைத் தாளின்மேல் வைத்தேன். வெளியே இல்டா அம்மாள் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பையில் ஒலிநாடாக்கள் ஒன்றோடொன்று இடிபட, படியிறங்கினேன்.