ஒரு மூட்டை அத்தாட்சி

“வயசைத் தளர்த்தி என் தங்கச்சிக்கு சீட்டு குடுங்க சார்,” என்றாள் மலர்கொடி, பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆதிமூலத்தின் அறையில். கையெழுத்து கேள், சர்ட்டிபிகேட் கேள், சலுகை மட்டும் எந்த ஆபீசிலும் கேட்காதே என்று அம்மா விருத்தாம்பாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டாள்.

தங்கை செந்தமிழுக்குப் பன்னிரண்டு வயது. மரக்காணத்து உப்புப் பாத்தியில் மாலை அவள் விரலால் ஒரு கணக்கை எழுதிவிட்டு வந்தால், மறுநாள் வெயில் ஏற ஏற உப்பு அதன் விடையாகவே விளையும். முதல் வருஷம் ஊரே வேடிக்கை பார்த்தது. அடுத்த வருஷம் யாரும் வரவில்லை. அப்பா வழக்கம்போல் விடைகளைப் பலகையால் வாரி வரப்பில் குவித்தார். அந்த உப்பில் ரசம் வைத்த வானூர் வீடுகளில் பிள்ளைகள் வகுத்தலில் தடுமாறியதில்லை.

பல்கலைக்கழகத்தில் சேரப் பதினேழு வயதாக வேண்டும். அசாத்தியத் திறமைக்கு விலக்கு உண்டு என்று விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கம் சொன்னது. அதுவரை அது கிடைத்தது ஒருவனுக்குத்தான்: இதே ஆதிமூலத்தின் மச்சான் மகன். ஒன்பதாம் வாய்ப்பாடு அவனுக்கு இன்னும் வராது. செந்தமிழைச் சோதிக்க ஆதிமூலமே வந்தார். நூறு வருஷமாக யாரும் முடிக்காத கணக்கைக் கொடுத்தார். மூன்று பாத்திகளில் விடையின் பாதி விளைந்தது. அத்தாட்சிக்கு ஒரு மூட்டை கேட்டார். உப்பு கேட்டவரிடம் இல்லையென்பதோ எழுதி வாங்குவதோ உப்பளத்துக்காரர்களுக்கு வழக்கமில்லை. அம்மாவே மூட்டையைத் தைத்துக் காரில் ஏற்றினாள். எங்கே கொட்டினாலும் அந்த உப்பு வரி மாறாமல் அடுக்கிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் பாதிக் கணக்கு அவர் பெயரில் அச்சாகி, பாராட்டு விழாவும் நடந்தது. செந்தமிழுக்கு ‘அத்தாட்சி போதாது’ என்று கடிதம் வந்தது. மீதிப் பாதி போன வாரம்தான் விளைந்தது.

“சின்னப் பொண்ணும்மா, ஹாஸ்டல்ல அழும்,” என்றார் ஆதிமூலம். “அந்த மீதியை ஒரு மூட்டை அனுப்பு. கமிட்டியில பேசுறேன்.”

“விலக்கு திறமைக்கா சார், மூட்டைக்கா?”

“வாய் நீளுதே. டிகிரி முடிச்சவதானே நீ?”

“எங்க வீட்லயே மொத ஆளு. அதான் விதியைப் படிச்சிட்டு வந்திருக்கேன். படிக்காதவளா இருந்தா மூட்டையைத் தூக்கினு வந்திருப்பேன்.”

அவர் சிரித்தார். “பாத்தி எங்க போயிடப் போவுது?”

போய்விட்டிருந்தது. காலையில் பஸ் ஏறுமுன் மடையைத் திறந்து மீதிப் பாதியை மலர்கொடியே கரைத்திருந்தாள். “இன்னும் நல்லாத் தொறக்கா,” என்று செந்தமிழும் கூட நின்றாள். வேறொரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் பைக்குள் இருந்தது. மலர்கொடி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

“அம்மாடி, முதுகுல என்னமோ கணக்கு பூத்திருக்குது,” என்றார் வாசலில் பியூன் பக்கிரி. வேர்வை காய்ந்த இடத்தில் மீதிப் பாதி வரிவரியாக வெளுத்துக்கொண்டிருந்தது.

“தெரியும்ணா,” என்றாள். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கினாள்.