அக்கரை சென்று மீண்டோர்

கழகத்தின் இதழ் இனித் தமிழில் வர வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் பியாட்றிஸ்தான். பதினொரு வருடமாக அது ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையில் ஒரு தகரக் கொட்டகை, பதினான்கு பாய்வள்ளங்கள், நாற்பத்திரண்டு அங்கத்தவர்கள். அவ்வளவுதான் கழகம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடு வாசலை விட்டு ஓடி வந்த நாலைந்து பேரும் அதில் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள்.

"இனி ஆருக்கு உந்த இங்கிலீசு?" என்று கேட்டாள்.

செயலாளர் மார்க்கண்டு மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, முன்னுக்கு விரிச்சுப் பிடிக்கிற அந்தப் பெரிய பாய் இருக்கெல்லோ, ஸ்பினேக்கர். அதுக்குத் தமிழிலை ஒரு பேர் சொல்லும், நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

"வயித்துப்பாய்."

கூட்டம் மாஸ்ரரின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தது. அவரும் குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

முதல் தமிழ் இதழ் எண்பத்து நாலு வைகாசியில் வந்தது. பியாட்றிஸ் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் தட்டச்சுப் பொறியில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அவளே மெழுகுத்தாளில் ஸ்ரென்சில் வெட்டினாள். எழுத்து பிழைத்தால் பூசுகிற சிவப்பு மருந்தின் மணம் அவளுடைய விரலை விட்டுப் போகவேயில்லை. தையில்தான் அவளைக் கைப்பிடித்த வின்சன்ற் வங்கி வேலை முடிந்து வந்து, மிஷன் கந்தோரின் பின்னறையில் பிரதி எடுக்கிற ரோணியோ இயந்திரத்தின் கைபிடியைச் சுற்றினான். மை பட்ட மூக்கோடு அவன் நிமிர்ந்தபோது அவள் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். மை இன்னும் பரவியது. அவனுக்குச் சொல்லவில்லை. அப்படியே வீடு வரைக்கும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நாலாம் பக்கத்தில் வருடாந்தப் போட்டியின் முடிவுகள் இருந்தன. கொழும்புத்துறையிலிருந்து கடலேரியைக் கடந்து பூநகரிப் பக்கத்தில் நட்டிருக்கும் குறிக்கம்பைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஒரு வள்ளத்துக்கு ஒரு ஆள். பூநகரிக் கரைக்குக் கழகத்தில் எல்லாரும் சொல்லுகிற பெயர் அக்கரை. ஆகவே பியாட்றிஸ் அந்தப் பக்கத்துத் தலைப்பை எழுத்தாணியால் தன் கையாலேயே வளைத்து வளைத்து எழுதினாள்: அக்கரை சென்று மீண்டோர். அதன் கீழே திகதி, ஒன்பது பெயர்கள், ஒவ்வொருவருக்கும் எடுத்த நேரம். முதலாவது எஸ். வின்சன்ற், ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். கடைசி பி. நேசையா, இரண்டு மணி முப்பத்தொரு நிமிடம்.

பி. நேசையா என்பது அவளுடைய தம்பி பேர்சி. பத்தொன்பது வயது. போட்டி முடிந்து மூன்றாம் வாரம், யாழ்ப்பாணத்திலேயே இருக்கிற திருநெல்வேலியில் சிநேகிதன் ஒருவனுடைய அறையில் நின்று படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு பையோடு வெளிக்கிட்டவன் திரும்பி வரவில்லை. கொழும்பில் கணக்கியல் படிக்கிறான் என்று அம்மா வினிபிரட் கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவுமில்லை. ஸ்ரென்சிலில் அவனுடைய பெயரை அடிக்க வந்தபோது பியாட்றிசின் விரல் நின்றது. ஒன்பதாவதை விட்டுவிட்டால் ஏன் விட்டாய் என்று கழகத்தில் கேட்பார்கள். அடித்தாள்.

பெயரைப் பற்றி அவ்வளவு யோசித்தவள் தலைப்பைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த வருடம் யாழ்ப்பாணத்துத் தெருவில் அக்கரை என்றால் இந்தியா. இரவோடிரவாக வள்ளமேறிப் போய், இயக்கத்தில் சேர்ந்து துவக்குச் சுடப் பழகிக்கொண்டு வருகிற பொடியள் போகிற இடம்.

புதன்கிழமை மத்தியானம் மார்க்கண்டு மாஸ்ரர் சைக்கிளை மதிலில் சாத்தாமலே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"முருகேசுவைப் பிடிச்சிட்டாங்கள்."

முருகேசு கழகத்துக் கொட்டகையையும் வள்ளங்களையும் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பது வயது. இதழ்களைத் தபாலில் போடுவதற்காகப் பட்டணத்துக்குக் கொண்டுபோயிருந்தார். பஸ் நிலையத்தில் சுற்றிவளைப்பு. பையைக் கொட்டியிருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் நாலாம் பக்கத்தைப் பிரித்து, இராணுவத்தானுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான்.

"என்னெண்டு சொன்னவனாம்?" என்று வின்சன்ற் கேட்டான்.

"அதிலை என்ன எழுதியிருக்கோ அதைத்தான் தம்பி. இந்தியாவுக்குப் போய் வந்த ஆக்கள் எண்டு. முதல் ஆள் நீர்."

பியாட்றிஸ் பழைய இதழ்களைத் தேடி எடுக்கப் போனாள்.

அன்று பின்னேரமே அவளும் மாஸ்ரரும் இராணுவ முகாமுக்குப் போனார்கள். போட்டிக்கோப்பையையும், பழைய ஆங்கில இதழ்கள் மூன்றையும் கொண்டுபோனார்கள். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று. எல்லாவற்றிலும் அதே போட்டி, அதே அட்டவணை. அதிகாரி இளவயதுக்காரர். மரியாதையான ஆங்கிலத்தில் அவர்களை இருக்கச் சொன்னார்.

"ஒன்பது பேர் போய் வந்திருக்கிறார்கள். திகதியும் நேரமும் போட்டு எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு சுத்தமான வாக்குமூலம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை" என்றார்.

பியாட்றிஸ் விளக்கினாள். குறிக்கம்பு, பூநகரி, விளையாட்டு. பழைய இதழ்களின் அட்டைகளைக் காட்டினாள். அவர் கோப்பையைத் தூக்கி அடியில் பொறித்திருந்ததை வாசித்துவிட்டுச் சிரித்தார். அவளுக்கு மூச்சு வந்தது.

"எஞ்சின் இல்லையா?"

"இல்லை. பாய் மட்டும்தான்."

"அப்படியானால் சத்தமும் இல்லை."

மாஸ்ரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலேரியைச் சத்தமில்லாமல் கடக்கத் தெரிந்த ஒன்பது பேர். நல்லது, எனக்கும் பார்க்க ஆசை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இந்த ஒன்பது பேரும் அடையாள அட்டையோடு கரைக்கு வரட்டும். என் கண்முன்னால் போய் வரட்டும். வந்தால் இது விளையாட்டு. ஒருவர் குறைந்தாலும் அவர் எந்த அக்கரைக்குப் போனார் என்று முருகேசுவிடம் கேட்பேன். அதுவரை அவர் இங்கே இருக்கட்டும்."

'அக்கரை' என்பதை மட்டும் அவர் தமிழில் சொன்னார். கோப்பையைத் திருப்பித் தந்தார். இதழ்களை வைத்துக்கொண்டார்.

எட்டுப் பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஒன்பதாவது ஆளைப் பற்றித்தான் பேச்சு.

"வேறை ஒரு பொடியனை நிப்பாட்டுவம்" என்றார் மாஸ்ரர்.

"அட்டையிலை அவன்ரை பேரெல்லோ கிடக்கும்" என்றான் வின்சன்ற்.

"காய்ச்சல் எண்டு சொல்லுவம்."

"வீட்டை வந்து பார்ப்பான். வந்தால் மாமியிட்டைக் கேப்பான். மாமிக்குப் பொய் சொல்ல வராது. கொழும்பு எண்டு சொல்லேக்கையே கண் கலங்குது."

பியாட்றிஸ் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றாள். பேர்சிக்கு என்ன நடக்கும் என்று அவள் அப்போது நினைக்கவில்லை. அவன் தூரத்தில் இருந்தான். முகாமில் இருப்பவர் முருகேசு. அவர் பேர்சியைத் தோளில் வைத்து நீச்சல் பழக்கியவர். அவன் போன காலையில் பஸ் ஏற்றிவிட்டவரும் அவர்தான் என்பதை அவள் மட்டும் அறிவாள்.

"நீர் ஏன் ஒண்டும் கதைக்கிறீரில்லை?" என்று வின்சன்ற் கேட்டான்.

"யோசிக்கிறன்."

"யோசிச்சு?"

"நாளைக்குக் காத்து எந்தப் பக்கம் எண்டு."

"உமக்கு இப்பவும் பகிடி."

ஞாயிறு காலை தெற்கிலிருந்து சோளகக் காற்று நன்றாக வீசியது. ஒரு லொறியும் ஒரு ஜீப்பும் கொட்டகையடியில் நின்றன. லொறியின் பின்பக்கத்தில் முருகேசு இருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பியாட்றிஸ் வந்ததைக் கண்டவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நாலு நாள் கேட்டிருக்கிறார்கள், அவர் பேர்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது அந்தத் திருப்பலில் அவளுக்கு விளங்கியது.

கான்ஸ்டபிள் நாலாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் முன்னே வந்து அட்டையை நீட்டினார். அதிகாரி பென்சிலால் அடையாளமிட்டார். எட்டு அடையாளம்.

"பி. நேசையா."

வின்சன்ற் எதையோ சொல்ல வாயைத் திறந்தான்.

"நான்தான்" என்றாள் பியாட்றிஸ்.

பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றாமல் விட்டிருந்த அட்டை. பியாட்றிஸ் நேசையா. ஆங்கிலத்தில் பேர்சியின் முதலெழுத்து P, அவளுடையது B. தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'தான்.

"நீங்கள் பத்திரிகையின் ஆசிரியர் அல்லவா?" என்றார் அதிகாரி.

"ஓம், சேர். கடைசியாக வந்ததும் நான்தான். அதனால்தான் என் பெயரை அடியில் போட்டேன்."

ஒரு சிப்பாய் சிரித்தான். அதிகாரி அட்டையையும் அவளுடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்பதாவது அடையாளத்தையும் போட்டார்.

பேர்சியின் வள்ளத்தை அவளும் வின்சன்றும் தண்ணீருக்குள் தள்ளினார்கள். சின்ன வயதில் அப்பாவோடு எத்தனையோ தரம் அக்கரை போயிருக்கிறாள். தனியே போய் மூன்று வருடம். வின்சன்ற் கயிற்றைச் சரிசெய்கிற பாவனையில் அவளருகே குனிந்தான்.

"விசர்ப் பெட்டை. எண்பத்திரண்டாம் ஆண்டு இதழிலை பேர்சியின்ரை முழுப் பேரும் கிடக்கு. இங்கிலீசிலை. அது அவரிட்டை."

"தெரியும். நான்தானே தைப் அடிச்சனான்."

"தெரிஞ்சோ செய்தனீர்?"

"முருகேசு அண்ணையைப் பாத்தனீங்களே? வேறை என்னத்தைச் செய்ய? போங்கோ. நீங்கள் முதலாவதா வரவேணும், இல்லாட்டி அதுக்கும் கேள்வி."

ஒன்பது வள்ளமும் புறப்பட்டன. அவள் ஒருமுறைதான் திரும்பிப் பார்த்தாள். பூவரச நிழலில் அதிகாரிக்குக் கதிரை போட்டிருந்தார்கள். யாரோ ஜீப்பிலிருந்து அவருக்கு ஒரு கட்டுக் கடதாசியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டிய மனிதர். வாசிக்க அந்தப் பழைய இதழ்களைத் தவிர வேறு ஒன்றும் அவரிடம் இல்லை.

குறிக்கம்புக்கு வந்தபோது மற்றவர்கள் எல்லாரும் சுற்றித் திரும்பிவிட்டார்கள். வின்சன்ற் மட்டும் பாயைத் தளர்த்திவிட்டு அங்கேயே நின்றான். முதலாவதாக வருகிற எண்ணம் அவனுக்கு இல்லை.

"இஞ்சாலை இறங்கும்" என்றான். "இடுப்பளவு தண்ணிதான். நடந்து போய் பூநகரிப் பாதிரியார் வீட்டிலை நில்லும். வள்ளம் கவிண்டு போச்செண்டு நான் சொல்லுறன்."

கரை கிட்டத்தான் இருந்தது. பனைகளின் அடியில் இரண்டு மாடுகள் மேய்ந்தன. ஒரு மனிதர்கூடக் கண்ணில் படவில்லை. அவள் சுக்கானில் கையை வைத்தபடி அதைப் பார்த்தாள்.

"எட்டுப் பேர்தான் திரும்பி வந்தால்?"

அவன் தளர்ந்த பாயின் கயிற்றைக் கையில் சுற்றினான்.

"சொல்லுங்கோவன். எட்டெண்டால் முருகேசு அண்ணைக்கு என்ன?"

"எனக்கு நீர்தான் முக்கியம், பியாட்றிஸ்."

"எனக்கும் நீங்கள்தான். ஆனபடியால்தான் சொல்லுறன், வாங்கோ. பேர்சி எண்டு அவர் வாசிச்சிருந்தாலும் நான் போய், அது என்னைத்தான் வீட்டிலை கூப்பிடுற பேர் எண்டு சொல்லிப் பாப்பன். நம்பாட்டில் பிறகு பாப்பம்."

"நம்பமாட்டான்."

"ஓம்" என்றாள். "நம்பமாட்டான்தான்."

அவள் சுக்கானைத் திருப்பினாள். வள்ளத்தின் முன்மூக்கான அணியம் மெல்லச் சுற்றி, குறிக்கம்பை உரசிக்கொண்டு கொழும்புத்துறையை நோக்கி நின்றது. அவ்வளவு தூரத்தில் கொட்டகை ஒரு சின்னப் புள்ளி. கதிரையில் இருப்பவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார் என்று இங்கிருந்து யாருக்கும் தெரியாது. வின்சன்ற் தன் வள்ளத்தை அவளுடையதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். இருவரும் பாயை விரித்துப் பிடித்தார்கள். காற்றுப் பின்னாலிருந்து நன்றாகவே தள்ளியது.